மாமாவின் அஞ்சு கட்டம்

எங்க மாமாவைப் பத்தி நல்லதா ரெண்டு வார்த்தை சொல்லச் சொன்னா, குளிக்காம ஆபீஸ் போக மாட்டார், யாரையும் கை நீட்டி அடிச்சதில்ல. அவ்வளவுதான். அதுக்கு மேல யோசிச்சா எனக்குத் தலைவலி வருது.

மாமான்னா என் அக்கா புருஷன். நான் வேலை பார்க்கிற அதே சுவிட்ச் கம்பெனியில, மாடியில, கண்ணாடி ரூமுக்குள்ள உட்கார்ந்து லீவு லெட்டர் வாங்கி வைக்கிற வேலை அவருக்கு. முன்னாடி அந்த ரூம் வாசல்ல 'பணியாளர் அலுவலகம்'னு போர்டு இருந்துச்சு. ஒரு நாள் அதைக் கழட்டிட்டு 'மனித வளம்'னு மாட்டினாங்க. போர்டு மாறின அன்னைக்கே மாமாவோட நடையும் மாறிடுச்சு. அதுவரைக்கும் லெட்டரை வாங்கி ஃபைல்ல கோர்ப்பார், வேலை முடிஞ்சது. அதுக்கப்புறம் லெட்டரைக் கையில வச்சுக்கிட்டே நம்ம முகத்தை உத்து உத்துப் பார்த்து, "உனக்குள்ள என்ன ஓடுது?"ன்னு கேட்பார். எனக்குள்ள என்ன ஓடும்? கீழ என் சீட்டுல ஆள் இல்லாம பீஸ் தேங்கிக்கிட்டு இருக்கேன்னு ஓடும்.

கீழ நாங்க முந்நூத்திச் சொச்சம் பொம்பளைங்க. நீளநீளமா மேஜை. ஒருத்தி பிளாஸ்டிக் கூட்டுக்குள்ள ஸ்பிரிங் வைப்பா, அடுத்தவ பித்தளைத் தகடு வைப்பா, நான் மூடியைப் போட்டு, தலைக்கு மேல தொங்குற ஸ்க்ரூ டிரைவரை இழுத்து முடுக்குவேன். ஒரு ஷிஃப்டுக்கு அறுநூத்தி நாப்பது பீஸ். கடைசியில செக்கிங் மேஜை. அங்க ஒவ்வொரு சுவிட்சையும் மாட்டி மூணு தடவை போட்டு மூணு தடவை அணைச்சுப் பார்க்கணும். பல்பு எரியலைன்னா சிவப்பு டிரே. அந்த மேஜையில இருந்தவங்களை நாங்க பல்பு அக்கான்னு கூப்பிடுவோம். அவங்க அங்க வந்து ஒன்பது வருஷம் தாண்டியிருந்துச்சு. இன்னும் எட்டு மாசம் போனா பத்து வருஷம் முடியும். பத்து முடிஞ்சா நிரந்தரம். எழுந்து போன்னு யாரும் சொல்ல முடியாது, கடைசிக் காலத்துக்குப் பென்ஷனும் உண்டு. புருஷன் போயிட்டார், ரெண்டு பொண்ணுங்க படிக்குதுங்க. அந்த எட்டு மாசத்தைத்தான் அவங்க உயிரைக் கையில பிடிச்ச மாதிரி பிடிச்சுக்கிட்டு இருந்தாங்க.

இனி மாமாவோட பெருமைக்கு வர்றேன்.

அவருக்கு மேனேஜர் நாற்காலி மேல ஒரு கண். தபால்ல படிச்ச மனோதத்துவப் பட்டம் ஒண்ணு கையில இருந்துச்சு. அதுக்கு மேல ஒரு 'டாக்டர்' ஒட்டிட்டா நாற்காலி தானா வந்து பின்னாடி ஒட்டிக்கும்னு எவனோ ஏத்தி விட்டுட்டான். போய் பகுதிநேர ஆராய்ச்சிக்குப் பதிஞ்சார். அவருக்கு வழிகாட்டியா ஒரு பேராசிரியர் வாய்ச்சார். அந்த மனுஷன் ரூம்ல பழைய ஆராய்ச்சிப் புத்தகங்களை அடுக்கி அது மேலதான் டீ டம்ளர் வைப்பாராம். மூணு வருஷம் எங்க மாமா ஞாயித்துக்கிழமை தவறாம அவர் வீட்டுக்குப் போய், அவர் சம்சாரம் கடைக்குப் போனா பின்னாடியே பை தூக்கிக்கிட்டுப் போனதைத் தவிர வேற எந்த ஆராய்ச்சியும் நடக்கலை. தலைப்பு மட்டும் நாலு தடவை மாறுச்சு.

கடைசியில ஒரு நாள் அந்தப் பேராசிரியர் திருவாய் மலர்ந்தாராம். "ஆராய்ச்சி வாய்ப்பை ஏன்யா ஊரெல்லாம் தேடறே? நீ உட்கார்ந்திருக்கிற இடத்துக்குக் கீழேயே முந்நூறு மனசு சும்மா கிடக்கே!"

சும்மா கிடக்குதாம்! ஒண்ணுக்குப் போகக்கூட லைன்ல கை தூக்கிக் கேட்கிற எங்க மனசு சும்மா கிடக்குதாம். இதை மாமா சாப்பிடும்போது கண்ணு மின்ன எங்ககிட்ட சொன்னார். அக்கா கரண்டியை டொம்முன்னு வச்சா.

அன்னையிலேர்ந்து அக்கா வீட்டுல அஞ்சு கட்டம் ஆரம்பிச்சுது. எதைக் கேட்டாலும் ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள சொல்லணும். தூக்கம் எப்படி, மூணு. பக்கத்து வீட்டுக்காரர் நடத்தை, ரெண்டு. ஒரு தடவை புருஷன் பொண்டாட்டிக்குள்ள வாய்ச்சண்டை முத்தி அக்கா அழுதுக்கிட்டு நிக்கிறா, இவர் பொறுமையா, "இப்ப உன் கோபம் ஒண்ணுலேர்ந்து அஞ்சுல எங்க இருக்கு?"ங்கிறார். நானா இருந்தா கோபம் எங்க இருக்குன்னு கையில காட்டியிருப்பேன். கம்பெனிப் பொம்பளைங்க அவருக்கு 'அஞ்சு கட்டம்'னே பேர் வச்சுட்டாங்க.

ஃபாரம் வந்துச்சு. நாப்பத்திரெண்டு வாக்கியம், ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல அஞ்சு கட்டம். 'முற்றிலும் மறுக்கிறேன்'னா ஒண்ணு, 'முற்றிலும் ஒப்புக்கொள்கிறேன்'னா அஞ்சு. 'என் மேலதிகாரி என்னை ஒரு மனிதராக மதிக்கிறார்'னு ஒரு வாக்கியம். அதை நாங்க படிக்கிறப்போ அந்த மேலதிகாரி இடுப்புல கை வச்சுக்கிட்டு எங்க தலைக்குப் பின்னாடி நிக்கிறான். யார் உண்மையை எழுதுவா? மொத்த ஃபாரமும் வெள்ளையாவே திரும்பி வந்துச்சு.

மாமா முகத்துல ஈயாடலை. அக்கா என்கிட்ட வந்தா. "நீ கொஞ்சம் சொல்லிப் பாருடி. அந்தப் பட்டம் கிடைச்சுத் தொலைஞ்சா வீட்டுல வாயை மூடிக்கிட்டாவது இருப்பார்."

அக்காவுக்காகப் போனேன். ஒவ்வொரு மேஜையா, சாப்பாட்டு நேரத்துல. "எங்க மாமாதான். வெறும் காலேஜ் வேலை. பேர் எழுத வேண்டாம், ஆபீஸுக்குப் போகாது, எழுதுங்க"ன்னு நான்தான் சொன்னேன். என் வாயாலதான் சொன்னேன். இதை நான் எந்தக் காலத்துலயும் மாத்திச் சொல்ல முடியாது. எல்லா மேஜைக்கும் போக நேரம் இல்ல. எங்க வரிசையும் பக்கத்து வரிசையும் முழுசாப் போனேன். மறுநாள் ஃபாரம் மறுபடியும் எல்லார் கைக்கும் வந்துச்சு.

ஃபாரத்தோட கடைசிப் பக்கத்துப் பின்னாடி ஓரத்துல பென்சில்ல பொடியா ஒரு நம்பர் இருந்துச்சு. யார் கண்ணுலயும் படலை, பல்பு அக்கா கண்ணுல பட்டுச்சு. குறை கண்டுபிடிக்கிறதே அவங்க வேலையாச்சே. "இது என்னடி?"ன்னாங்க. நான் மாடிக்குப் போய் மாமாகிட்ட கேட்டேன்.

"ஆறு மாசம் கழிச்சு இதே ஃபாரத்தை மறுபடியும் கொடுப்பேன். முதல்ல எழுதினதும் பிறகு எழுதினதும் ஒரே ஆளோடதான்னு தெரிய வேண்டாமா? அதுக்கு ஒரு நம்பர். எந்த நம்பர் யாருன்னு ஒரு நோட்டு. நோட்டு என் டிராயர்ல, பூட்டி இருக்கு."

"பூட்டு யாரோடது மாமா?"

"கம்பெனியோடதுதான். ஏன், மாமா மேல நம்பிக்கை இல்லையா?"

சிரிச்சுட்டு இறங்கி வந்து, பல்பு அக்காகிட்ட "ஒண்ணுமில்லக்கா, சும்மா கணக்குக்கு"ன்னுட்டேன். அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். மரமண்டை, உறைக்கலை.

பத்தொன்பதாவது வாக்கியம் இது: 'இந்த வேலையை விட்டுப் போய்விடலாம் என்று நான் அடிக்கடி நினைக்கிறேன்.' பல்பு அக்கா அதைச் சத்தமாப் படிச்சுட்டு அஞ்சுல டிக் போட்டாங்க. "தினமும் காலையில பஸ்ஸுல கால் வைக்கிறப்பவே நினைக்கிறேன். நினைக்காத ஒருத்தியைக் காட்டு பார்ப்போம். நினைக்கிறதும் போறதும் ஒண்ணா?"ன்னாங்க. எங்க மேஜையே கொல்லுன்னு சிரிச்சுது. நானும் அஞ்சுதான் போட்டேன்.

இதுல என்ன கொடுமைன்னா, நான் போகாத மேஜைக்காரிங்கள்லாம் உஷாரா நடுக்கட்டத்துல மூணு மூணுன்னு குத்தித் தள்ளிட்டாளுங்க. உண்மையை எழுதினது என் வாயை நம்பின ரெண்டு வரிசைதான்.

ரெண்டு மாசம் கழிச்சு கம்பெனிக்கு ஆர்டர் குறைஞ்சுது. நாப்பது பேரை அனுப்பணும்னு மேல முடிவாச்சு. யாரை அனுப்புறது? சீனியரை அனுப்பினா சண்டை, ஜூனியரை அனுப்பினா வேலை ஓடாது. மேனேஜர் எங்க மாமாவைக் கூப்பிட்டு, உங்க ஆராய்ச்சியில என்ன தெரிஞ்சுதுன்னு தேன் ஒழுகக் கேட்டிருக்கார். அடுத்த ரவுண்டு ஃபாரத்துக்கு அந்த மேனேஜர்தான் அனுமதி கொடுக்கணும். நம்மாளுக்குத் தலைகால் புரியலை. அவரை ஒரு மேனேஜர் அபிப்பிராயம் கேட்கிறது அதுதான் முதல் தடவை. டிராயரைத் திறந்து நோட்டையும் ஃபாரக் கட்டையும் கொண்டுபோய் ரெண்டு கையாலயும் நீட்டிட்டார். யாரும் மிரட்டலை, யாரும் காசு கொடுக்கலை. ஒரு டீயும் "உட்காருங்க"ங்கிற ஒரு வார்த்தையும் போதுமா இருந்துச்சு.

அஞ்சு போட்டவங்க நாப்பத்தி ஒரு பேர். ஒண்ணு கூடுதலா இருந்தா என்ன போச்சு, சேர்த்தே அனுப்பிட்டாங்க. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேட்டுல வச்சு லெட்டர் கொடுத்தாங்க. 'தங்கள் விருப்பத்தைக் கருத்தில் கொண்டு'ன்னு லெட்டர் ஆரம்பிக்குது. விருப்பமாம்! பல்பு அக்காவுக்குப் பத்து வருஷம் முடிய ஆறு மாசம் பாக்கி.

அவங்க அழலை. செருப்பைக் கழட்டி வெளியில விட்டுட்டு மாடிக்குப் போயிருக்காங்க. "சார், தெரியாம வாய்க்கொழுப்புல போட்டுட்டேன். ஒரு நிமிஷம் அந்தக் காகிதத்தைக் கொடுங்க, திருத்திக் கொடுத்துடறேன். ஆறே ஆறு மாசம் சார்."

அதுக்கு எங்க மாமா என்ன சொல்லியிருக்கார் தெரியுமா? "எழுதினதைத் திருத்தக் கூடாதும்மா. ஆராய்ச்சி கெட்டுப் போயிடும்."

இதைப் பல்பு அக்கா பஸ் ஸ்டாப்புல என்கிட்ட சொன்னப்போ எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. ஒரு வார்த்தை என்னைத் திட்டியிருந்தா பரவாயில்லை, திட்டலை. "நீ என்னடி பண்ணுவே, உனக்கும் தெரியாதில்ல"ன்னாங்க. நேரா அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா துண்டு கட்டிக்கிட்டுப் பேனாவுக்கு மை ஊத்திக்கிட்டு இருந்தார்.

"நீங்கள்லாம் மனுஷனா மாமா?"

"ஏன் கத்தறே? கம்பெனி முதல் தடவையா ஒரு முடிவை அறிவியல்பூர்வமா எடுத்திருக்கு. போகணும்னு நினைச்சவங்கதானே போயிருக்காங்க?"

"நானும்தான் அஞ்சு போட்டேன்! எனக்கு ஏன் லெட்டர் வரலை?"

மை பாட்டிலை மூடினார். எழுந்து போய் வாசக்கதவைச் சாத்தினார். "மெதுவாப் பேசு. உன் ஃபாரத்தை எடுத்துட்டேன். புதுசா ஒரு ஃபாரம் எழுதி வச்சுட்டேன். அதுல பத்தொன்பதாவதுக்கு ஒண்ணு போட்டிருக்கேன். வீட்டுப் பொண்ணை விட்டுட முடியுமா? உன் அக்காவுக்குக்கூடத் தெரியாது."

அடப்பாவி மனுஷா. அந்த அம்மா ஒரே ஒரு டிக்கைத் திருத்தக் கெஞ்சினா ஆராய்ச்சி கெட்டுடும். எனக்காக மொத்த ஃபாரத்தையும் மாத்தி எழுதினா கெடாது.

நல்லா நாலு கேட்டுட்டு வந்தேன்னு சொல்ல ஆசைதான். கேட்கலை. வீட்டுக்கு வந்துட்டேன். என் வேலை தப்பிச்சுதேன்னு உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி இருந்துச்சு. மாமாவைக் காறித் துப்பறேனே, அந்த நிம்மதியை எதால துப்பறது? மறுநாள் ஷிஃப்டுக்குப் போய் அறுநூத்தி நாப்பதும் முடிச்சேன். செக்கிங் மேஜையில வேற ஒருத்தி இருந்தா.

முதல் ஃபாரம் எழுதி ஆறு மாசம் ஆச்சு. ரெண்டாவது ஃபாரம் வந்துச்சு. பத்தொன்பதாவதுக்கு இந்தத் தடவை ஒருத்தி விடாம ஒண்ணு. போகணும்னு கனவுலகூட நினைக்கிறதில்லன்னு மொத்த கம்பெனியும் சத்தியம் பண்ணிக் கொடுத்துச்சு. மாமா கணக்குப் போட்டுப் பார்த்தார். முதல்ல அஞ்சு போட்ட நாப்பத்தி ஒரு பேரும் வேலையை விட்டுப் போயிட்டாங்க. மத்தவங்க எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. அப்போ ஒரே ஒரு கேள்வியை வச்சு யார் வேலையை விடுவாங்கன்னு முன்கூட்டியே சொல்லிடலாம்!

நான் சத்தியமா கிண்டலுக்குச் சொல்லலை. இதுதான் அவர் கண்டுபிடிப்பு. அனுப்பினது யாருன்னு ஒரு வரி கிடையாது. அந்தப் பேராசிரியர் முப்பது வருஷத்துல இப்படி ஒரு துல்லியத்தைப் பார்த்ததே இல்லைன்னு கட்டிப்பிடிச்சுக்கிட்டாராம். 'உற்பத்திப் பணியாளர்களின் விலகல் எண்ணமும் பணி விலகலும்'னு தடிமனா ஒரு புத்தகம். முன்னாடி நன்றியுரை. அதுல மேனேஜருக்கு நன்றி, பேராசிரியர் சம்சாரத்துக்கு நன்றி, ஒத்துழைத்த பணியாளர்களுக்குக் கடைசியில அரை வரி.

பட்டம் கொடுக்கறதுக்கு முன்னாடி சபையில வச்சு வைவா நடத்துவாங்க. ஆராய்ச்சி பண்ணினவர் எல்லார் முன்னாடியும் பேசணும், வந்திருக்கிற யார் வேணாலும் கேள்வி கேட்கலாம். பேருக்குத்தான். எவனும் கேட்க மாட்டான். கேட்டா டீ ஆறிப்போயிடும். மாமா புதுக் கோட் தச்சுக்கிட்டார். அக்காவும் நானும் ரெண்டாவது வரிசையில உட்கார்ந்தோம். எங்களுக்கு முன்னாடி மேனேஜர், சிறப்பு விருந்தினராம். பல்பு அக்காகிட்ட தேதியைச் சொன்னது நான்தான். அவங்க அப்போ நாலு வீட்டுல துணி துவைச்சுக்கிட்டு இருந்தாங்க. கடைசி வரிசையில வந்து நாற்காலி நுனியில உட்கார்ந்தாங்க.

மாமா சுவத்துல படம் காட்டி முக்கால் மணி நேரம் பேசினார். எங்களை அவர் 'கூறுகள்'னு சொன்னார். 'நாப்பத்தி ஒரு கூறுகள் விலகின.' வெளியூர்லேர்ந்து வந்த தேர்வாளர் பிஸ்கட் தட்டைப் பார்த்துக்கிட்டே தலையாட்டினார். முடிஞ்சதும், "பார்வையாளர்கள் யாருக்காவது சந்தேகம்?"னு கேட்டு, பதிலுக்குக் காத்திராம காகிதத்தை அடுக்க ஆரம்பிச்சார்.

"எனக்கு ஒண்ணு இருக்குங்க."

எல்லாரும் திரும்பினாங்க. பல்பு அக்கா எழுந்து நின்னாங்க. "நான் விலகலைங்க. என்னை அனுப்பினாங்க. இந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் அனுப்பினாங்க. நாப்பத்தி ஒரு பேரையும். அது அந்தப் புத்தகத்துல இருக்குங்களா?"

மேனேஜர் செல்போனை எடுத்துப் பார்த்தார். மாமா கோட் பட்டனைத் தடவினார். தேர்வாளர் முகம் மட்டும் பூரிச்சுப் போச்சு.

"அருமையான கேள்வி! ரொம்ப அருமை. இதைக் கடைசி அத்தியாயத்துல 'எதிர்கால ஆய்வு வாய்ப்புகள்'னு ஒரு பத்தியா சேர்த்துடுங்க. வேலை இழந்தவங்களோட மனநிலை. யாரும் கை வைக்காத விஷயம். ஆட்களும் தயாரா இருக்காங்க, பாருங்க!"

பேராசிரியர் வேகவேகமாக் குறிச்சுக்கிட்டார். பின்னாடி ரெண்டு மாணவங்க கைதட்டினாங்க.

"அப்போ என் வேலைங்க?"

"அது எங்க எல்லைக்குள்ள வராதும்மா. உட்காருங்க."

அவங்க உட்கார்ந்துட்டாங்க. அவங்க உட்கார்ந்த விதத்தைப் பார்த்ததும் எனக்கு என்னமோ ஆயிடுச்சு. நான் எழுந்தேன். அக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடிச்சா. "வேண்டாம்டி."

"நானும் அஞ்சுதான் போட்டேன்"னேன். "நாப்பத்தி ஒண்ணு இல்லை, நாப்பத்தி ரெண்டு. நான் இவர் மச்சினிச்சி. என் ஃபாரத்தை எடுத்துட்டு இவரே வேற எழுதி வச்சார். புத்தகத்துல எனக்கு ஒண்ணு போட்டிருக்கும். அந்த ஃபாரத்தை எடுத்து, அதுல இருக்கிற டிக்கை நான் ரெண்டாவது ஃபாரத்துல போட்ட டிக்கோட ஒப்பிட்டுப் பாருங்க."

இப்போதான் அந்தத் தேர்வாளர் கண்ணாடியைக் கழட்டினார். நாப்பத்தி ஒரு குடும்பம் தெருவுக்கு வந்ததுக்கு நாற்காலியை விட்டு அசையாத மனுஷன், ஒரு டிக்குக்கு எழுந்து நின்னுட்டார். "ஒரு படிவத்தை நீங்களே நிரப்பினீங்களா? இது ஒழுக்கக்கேடு! இது திருட்டு!"ன்னு மேஜையைத் தட்டினார். தட்டுல இருந்த பிஸ்கட் குதிச்சுது. பேராசிரியர் எனக்கும் இவருக்கும் சம்பந்தமே இல்லைங்கிற மாதிரி நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கிட்டார். பட்டம் அங்கேயே நின்னு போச்சு. விசாரணை வைப்பாங்களாம். டீயை யாரும் ஊத்தலை.

வெளியில படிக்கட்டுல பல்பு அக்கா என் தோளைத் தொட்டாங்க. "எனக்கு ஒண்ணும் திரும்பி வரப்போறதில்ல. முன்னாடி வரிசையில உங்க மேனேஜர் உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருந்தான். உன் வேலையையும் கெடுத்துக்கிட்டியே, பைத்தியமே"ன்னாங்க. நாலு மணிக்கு ஒரு வீட்டுல துணி ஊறுதுன்னு பஸ் பிடிக்கப் போயிட்டாங்க.

மாமா கோட்டோட படியிலயே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "உனக்காகத்தானே செஞ்சேன்"னார்.

அக்கா அவர் கையிலேர்ந்த புத்தகத்தை வாங்கித் தன் பைக்குள்ள வச்சா. அவரைக் கையைப் பிடிச்சு எழுப்பி விட்டா. பிறகு என்கிட்ட வந்து, கத்தாம, ரொம்ப மெதுவாச் சொன்னா. "நாப்பத்தி ஒரு பேருக்குத் துரோகம் பண்ணினார், அதுக்கு அவரை ஒருத்தரும் ஒண்ணும் கேட்கலை. உன் ஒருத்தியைக் காப்பாத்தினார். அதை வச்சே அவரைக் கவுத்துட்டியேடி."

அவ சொன்னதுல ஒரு வார்த்தைகூடப் பொய்யில்ல.